பெரட்டில் உட்கார்ந்திருந்த பெண்

“தோட்டத்து அட்ரஸா இருக்கே. வீட்டில நாலு புத்தகமாச்சும் இருந்துச்சா? படத்தைப் பார்த்து எழுதுற வேலைம்மா இது. வருமா உங்களுக்கு?”

பத்து வருடத்துக்கு முன்னால் நேர்முகத் தேர்வில் மேடம் என்னிடம் கேட்டது இது. எங்கள் கலைக்கூடத்தின் இயக்குநர் அவர்தான். நீங்கள் போன வாரம் அவரைச் சந்தித்திருப்பீர்கள். என் விண்ணப்பத்தில் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் நாலு புத்தகம் இருந்ததில்லை. என் பாடப் புத்தகங்கள் மட்டும்தான் இருந்தன. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

“இருந்துச்சு மேடம்,” என்றேன்.

“அப்போ அப்பா கிராணியா?”

கிராணி என்றால் தோட்ட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவர். மேடத்தின் தாத்தாவும் அப்பாவும் யாழ்ப்பாண வழியில் வந்த கிராணிகள். அதனால் அவருக்கு, புத்தகம் இருந்த தோட்டத்து வீடு என்றால் கிராணி வீடுதான். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதற்காகத்தான் சிரித்தேன்.

வேலை கிடைத்தது. எழுதவும் வந்தது, நன்றாகவே வந்தது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. கூச்சமெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது.

அடுத்த வாரம் முதல் இந்த மேசை உங்களுடையது. நான் கேட்டுக்கொண்டபடி என்னைக் களஞ்சியப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். படங்களின் பதிவுத் தாளை எப்படி நிரப்புவது, எதை எங்கே வைப்பது என்பதெல்லாம் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். இது அதில் எழுத முடியாதது. என் பின்னால் கிசுகிசுப்பாக உங்கள் காதுக்கு வருவதைவிட, என் வாயாலேயே வரட்டும்.

முதலில் ஒரு சின்ன விஷயம். நான் சேர்ந்த வருடம், நாற்று நடும் பெண்களின் படம் ஒன்று வாங்கலாமா என்று பேச்சு நடந்தது. பெரிய படம். பச்சைத் தண்ணீர், சிவப்புப் பாவாடைகள், வரிசையாகக் குனிந்த முதுகுகள். விற்க வந்தவர், ஓவியர் வயலிலேயே உட்கார்ந்து வரைந்தது என்று அடித்துச் சொன்னார். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இவங்க முன்னால நடந்து நடுறாங்க. அப்படி நட்டா, நட்ட நாத்தைத் தாங்களே மிதிச்சிடுவாங்க. பின்னால போய்க்கிட்டேதான் நடுவாங்க,” என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “எங்கே படிச்சீங்க?”

“ஒரு புத்தகத்தில, மேடம்.”

புத்தகமாவது ஒன்றாவது. பள்ளிப் பேருந்து மலாய்க்காரர்களின் வயல்களை ஒட்டிப் போகும். ஆறு வருடம் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தது. அந்தப் படத்தை வாங்கவில்லை. எனக்குப் பெயர் கிடைத்தது. பதிவுத் தாளில் ‘தகவல் எங்கிருந்து’ என்று ஒரு கட்டம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் அன்று ஏதோ ஒரு வேளாண்மைப் புத்தகத்தின் பெயரைத் தேடிப் பிடித்து எழுதினேன். என் கண்ணால் பார்த்ததைப் புத்தகத்துக்குக் கொடுத்துவிட்டேன். அன்று அது திறமை என்று நினைத்தேன். பழகிய கை பிறகு நிற்கவில்லை.

இனி அந்தப் படம்.

போன வருடம் வயலையும் தோட்டத்தையும் வரைந்த படங்களாகச் சேர்த்து ஒரு கண்காட்சி போட்டோம். ஒரு குடும்பம் இரவல் கொடுத்த படங்களில் ஒன்று இது. கொட்டகை முன்னால் ஏழு பெண்கள் குந்தியிருக்கிறார்கள். தலையில் துணி, முழங்கையை மறைத்த பழைய சட்டை, பக்கத்தில் ரப்பர் பால் சேகரிக்கும் வாளிகள். மஞ்சளாக வெளிச்சம். வலது ஓரத்தில் கையில் புத்தகத்தோடு ஒரு ஆள், பாதி உடம்புதான் சட்டத்துக்குள் இருக்கிறது. குடும்பம் கொடுத்த காகிதத்தில் தலைப்பு ‘ஓய்வு’ என்று இருந்தது. வேலை முடிந்து இளைப்பாறும் பெண்கள் என்று ஒரு குறிப்பும் இருந்தது.

பெட்டியிலிருந்து எடுத்து நிறுத்திய உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, அது ஓய்வு இல்லை என்று. நடுவில் இருக்கும் பெண்ணின் வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அப்படி ஒரு வாளியை நான் சின்ன வயதில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அதை எழுதினால் ‘தகவல் எங்கிருந்து’ என்ற கட்டத்தில் எதை எழுதுவது? எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. கிராணி வீட்டுப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்கவும் வழியில்லை. ‘நண்பகல் வெயிலில் இளைப்பாறும் தோட்டத்துப் பெண்கள்’ என்று எழுதி, மூன்று மொழியிலும் அச்சடித்து, சுவரில் ஒட்டினேன்.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊழியர்கள் வீட்டாரை அழைத்து வரலாம் என்றார்கள். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. என் தங்கை கைப்பேசியில் அறிவிப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். தைப்பூசத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, பஸ் பிடித்து, பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, அம்மா தனியாக வந்து நின்றார்.

“அப்பாவுக்கு டியூட்டி. நான் வந்தா போதும்ல?” என்றார். அப்பா இப்போது புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை பார்க்கிறார்.

அம்மா ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்றார். வயல், மாடு, தென்னந்தோப்பு. இந்தப் படத்திடம் வந்ததும் கிட்டப் போனார்.

“இதுக்குக் கீழே என்ன எழுதியிருக்கு, பாப்பா?”

“ஓய்வுன்னு.”

“ஓய்வா?” அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார். “குந்தியிருந்தா ஓய்வா? எந்த முண்டம் எழுதுனது?”

அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் அந்த ஆய்வாளர் எங்களிடம் வந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பெண்மணி. கண்காட்சி நூலுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். வயதானவர், கனிவானவர். கூடவே மேடமும் வந்தார். “இவர்கள் உங்கள் அம்மாவா? தோட்டத்தில் இருந்தவர்கள்தானே? என்ன சொல்கிறார்கள்?” என்று ஆய்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார்.

அம்மாவுக்கு மலாய் நன்றாக வரும், ஆங்கிலம் வராது. கேட்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. அம்மாவின் முகத்தில் அப்போது வந்த பெருமையை நான் இன்றுவரை மறக்கவில்லை. தன்னிடம் ஒன்றைக் கேட்கிறார்கள், சொல்ல மகள் இருக்கிறாள்.

“நான் சொல்றேன், நீ அவங்க பாஷையில சொல்லு,” என்று ஆரம்பித்தார்.

“வாளியப் பாருங்கம்மா, காஞ்சு கெடக்குது. பால் எடுத்துட்டு வந்த வாளின்னா விளிம்பெல்லாம் வெள்ளையா ஒட்டியிருக்கும். இது காலைப் பெரட்டு. வேலை பிரிச்சுக் குடுக்க ஆளுங்களக் கூட்டிவச்சுப் பேரு கூப்பிடுவாங்க. அந்த ஓரத்துல புத்தகம் வச்சிருக்காரே, அவருதான் கூப்பிடுறாரு. இது வெயில் இல்ல, கொட்டாயில மாட்டுற லைட்டு. இன்னும் விடியவே இல்ல. பேரு வந்தவங்க கை வாளியில இருக்குது, எந்திரிக்கப் போறாங்க. இந்த நடுவுல உள்ளவ மட்டும் கவுத்து வச்சிருக்கா. இவ பேர வெட்டிட்டாங்க. இன்னிக்கு இவளுக்கு வேலை இல்ல. ஆனா போகமாட்டா. எந்திரிச்சுப் போனா திமிருன்னு நாளைக்கும் பேரு வராது. நானும் இப்படிக் குந்தியிருக்கேன். இந்தப் பிள்ளைய ஸ்கூல்ல சேர்க்க ஒரு நாள் வேலைக்குப் போகல. மறுநாள்லருந்து நாலு நாள் என் பேரு வரல. நாலு நாளும் குந்தியிருந்தேன்.”

மேடம் அதற்குள் வேறு யாரோ கூப்பிட, இரண்டடி தள்ளிப் போயிருந்தார். முதுகு எங்கள் பக்கம். எவ்வளவு காதில் விழுந்தது என்று தெரியவில்லை. ஆய்வாளர் கையில் பேனாவோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்களிடம் நெருக்கடி என்று எதைச் சொல்வது? படம் கிழிவது, மழைத் தண்ணீர் ஒழுகுவது இதற்கெல்லாம் செய்முறை இருக்கிறது. இதற்கு எனக்கு மூன்று நொடி இருந்திருக்கும். அம்மா சொன்னதைச் சொன்னால், கிராணியின் மனைவி எதற்குப் பெரட்டில் குந்தினாள் என்று வரும். நான் எழுதி ஒட்டிய அட்டை பொய் என்று வரும். எழுதிய முண்டம் நான்தான் என்று வரும்.

“ரொம்ப அழகா இருக்குன்னு சொல்றாங்க. அந்தக் காலத்து அமைதி ஞாபகத்துக்கு வருதாம்,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஆய்வாளர் மலர்ந்து சிரித்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். குறிப்பேட்டில் எழுதினார். படத்துக்கு முன்னால் அம்மாவை நிறுத்திப் புகைப்படமும் எடுத்தார்.

ஃபெரித்துறைக்கு அம்மாவோடு நடந்தேன். படகுக்கு வரிசையில் நிற்கும்போது அம்மா கேட்டார்.

“அந்த வெள்ளைக்காரம்மா ஏன் சிரிச்சாங்க?”

“அவங்க அப்படித்தாம்மா. எதுக்கும் சிரிப்பாங்க.”

அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் படகில் ஏறிவிட்டார்.

எட்டு மாதம் கழித்து நூல் வந்தது. கெட்டி அட்டை, வழவழப்பான தாள். ஆய்வாளரின் கட்டுரையில், அம்மாவின் படம் அரைப் பக்கத்துக்கு இருந்தது. அதன் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. தோட்டக் கிராணி ஒருவரின் மனைவி இந்த ஓவியத்தில் தன் இளமைக் காலத்து அமைதியைக் காண்கிறார். கட்டுரைக்குள் இன்னும் ஒரு பத்தி. இத்தகைய படங்கள் உழைப்பின் துயரத்தை மூடி மறைக்கின்றன என்று சிலர் சொன்னாலும், அந்த வாழ்வை வாழ்ந்தவர்களே இவற்றை இனிமையாக நினைவுகூர்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தார். அதற்குச் சான்று என் அம்மா. கிராணி என்ற விவரம் மேடத்திடம் கேட்டு வாங்கியதாக இருக்க வேண்டும். மேடம் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார்.

என்ன நடந்திருக்கிறது என்று அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. நான் ஒரு பொய் சொன்னேன், அது காற்றோடு போய்விட்டது என்று நினைத்திருந்தேன். இல்லை. அந்த நடுப் பெண்ணைப் பார்த்து யாராவது ஒருநாள் சந்தேகப்பட்டால், “இல்லையே, அங்கேயே வாழ்ந்த ஒரு அம்மா அமைதி என்றாரே” என்று காட்டுவதற்கு என் அம்மாவின் முகம் அச்சில் இருக்கிறது.

நூலை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் இரண்டு வாரம் மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தேன். மறுபடியும் தங்கைதான். யாரோ பகிர்ந்த படத்தைப் பார்த்துவிட்டு, “அக்கா, அம்மா புக்ல வந்திருக்காங்க லா! ஏன் சொல்லல?” என்று கத்தினாள். சனிக்கிழமை மத்தியானம் எடுத்துக்கொண்டு போனேன்.

அம்மா கையை இரண்டு முறை கழுவித் துடைத்துவிட்டு நூலை வாங்கினார். படத்தைத் தடவிப் பார்த்தார். “சேலை நல்லாத்தான் விழுந்திருக்கு,” என்றார். பிறகு விரலைக் கீழே வைத்தார்.

“என்ன எழுதியிருக்கு?”

நான் வாயைத் திறந்தேன். வார்த்தை எல்லாம் தயாராக இருந்தது. தோட்டத்தில் உழைத்த அம்மா என்று போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

“இதையாவது சரியா சொல்லு, பாப்பா,” என்றார் அம்மா.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“அன்னிக்கு அவ்வளவு நேரம் பேசுனேன். நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்ட. இங்கிலிஷ் என்ன அவ்வளவு சின்ன பாஷையா?”

கோபமாகச் சொல்லவில்லை. எட்டு மாதமாக அதை மனதில் வைத்துக்கொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறார்.

சொன்னேன். அன்று நான் சொன்னதையும், கீழே எழுதியிருந்ததையும், அந்தப் பத்தியையும், நேர்முகத் தேர்வில் சிரித்த சிரிப்பையும். ‘கிராணியின் மனைவி’ என்ற இடத்தில் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

“உங்கப்பாவையா?”

“ஆமாம்மா.”

நூலை மூடி வைத்தார். “என்னைப் பத்தி எழுதுனது போகட்டும். அவருகிட்ட இத சொல்லாத. என் பேர வெட்டுன நாலு நாளும் அவருதான் போய் கிராணிகிட்ட கைய கட்டிக்கிட்டு நின்னாரு.”

எனக்கு அது தெரியாது. பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் வாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் புதுச் சப்பாத்து காலைக் கடித்தது மட்டும்தான்.

திங்கட்கிழமை மேடத்தின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

“நான்தானே கிராணியான்னு கேட்டேன்,” என்றார். “வேற எதையும் நினைக்கவே தோணல எனக்கு.”

“நீங்க கேட்டீங்க. நான் சிரிச்சேன் மேடம்.”

கண்காட்சி அடுத்து கோலாலம்பூருக்குப் போகிறது. நூலைத் திரும்ப அச்சிட முடியாது, ஆனால் உள்ளே ஒரு திருத்தத் தாள் வைக்கலாம், சுவர் அட்டையை மாற்றலாம் என்றார். “மொழிபெயர்ப்பில் பிழைன்னு பொதுவா போட்டுக்கலாம் லா. உங்க பேர் எதுக்கு? நாளைக்கு வேற இடத்தில வேலை கேட்டா இதுதான் முன்னால வந்து நிக்கும்.”

“பிழைன்னா தெரியாம நடந்தது, மேடம். இது தெரிஞ்சு செஞ்சது.”

அந்தத் தாளில் அம்மாவின் வார்த்தைகள் வர வேண்டும். அம்மா மறுபடி வந்தார். இந்த முறை நான் மொழிபெயர்க்கவில்லை. இரண்டு மொழியும் தெரிந்த, படங்களைப் பழுதுபார்க்கும் பிரிவு அக்காவை உட்காரச் சொன்னேன். அம்மா பேசப் பேச ஒலிப்பதிவு ஓடியது. அக்கா முதலில் தமிழில் அப்படியே எழுதினார், பிறகு ஆங்கிலத்தில். நான் அறையின் மூலையில் நின்றேன். இதைத்தான் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டு ஆள் ஒருவர் ஒரு படத்தைப் பற்றிச் சொன்னால் நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள். அதைவிட முக்கியம், யார் சொன்னாலும் அவர்கள் மொழியில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பத்து வாக்கியம் ஒரு வாக்கியமாகச் சுருங்கினால், மீதி ஒன்பது வாக்கியம் எங்கே போயிற்று, யாருக்காகப் போயிற்று என்று உங்களையே கேளுங்கள்.

அம்மா எல்லாம் சொன்னார். வாளி, லைட்டு, புத்தகம் வைத்திருந்த ஆள். தான் குந்தியிருந்த நாலு நாளையும் சொன்னார். ஆனால் ஏன் என்று சொல்லவில்லை.

“எதுக்குப் பேர வெட்டுனாங்கன்னு சொல்லலையே?” என்றேன் மூலையிலிருந்து.

“அது எதுக்கு? ஒரு நாள் போகல, அவ்வளவுதான்.”

“என்னை ஸ்கூல்ல சேர்க்கன்னு சொல்லும்மா.”

“உனக்குத்தான் அசிங்கமா இருக்கும்,” என்றார் அம்மா. பழுதுபார்ப்புப் பிரிவு அக்கா பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்னிடமிருந்து அம்மா கற்றுக்கொண்டது அதுதான். எதை விட்டுவிட்டுச் சொல்ல வேண்டும் என்பது. நான் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். சொன்னார். அது பதிவில் இருக்கிறது.

மிச்சம் இருந்தது அப்பா. அம்மா சொல்லாதே என்றதை மீறுவதா என்று நான்கு நாள் யோசித்தேன். தாள் அச்சாகிவிட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள், தங்கையே சொல்லுவாள். அவர் யார் முன்னால் கைகட்டி நின்றாரோ, அந்தக் கிராணியின் வேலையை அவருக்கே மாட்டிவிட்டவள் நான். இதையும் அவர் வேறு வாயிலிருந்து கேட்கக் கூடாது.

நேற்றுக் காலை பாலத்தைத் தாண்டி புக்கிட் தெங்காவுக்குப் போனேன். அப்பா சீருடையில் வாசல் கம்பத்தின் பக்கத்தில் இருந்தார். லாரி வரும்போதெல்லாம் எழுந்து கம்பத்தைத் தூக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். இடையிடையே நான் சொல்லி முடித்தேன். தாளில் அம்மாவின் பெயர் போட்டு எழுதியிருந்ததைத் தமிழில் வாசித்தேன். ‘அஞ்சலையின் கணவர் கிராணி அல்ல, அவரும் தோட்டத் தொழிலாளி. அவ்வாறு எண்ண இடம்கொடுத்தது என் தவறு’ என்ற வரி வந்ததும் அப்பா என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தார். ஒரு லாரி வந்தது, போனது. அடுத்ததும் போனது.

“தொழிலாளின்னா பொதுவா இருக்கு,” என்றார். “மரம் சீவுனவன்னு போடு. ஒரு நாளைக்கு ஐநூத்தி அறுபது மரம். அதையும் போடு.”

மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை. அந்தக் காவல் கொட்டகைக்கு வெளியே நின்றபடியே கைப்பேசியில் வரியைத் திருத்தினேன். அப்பாவின் பெயர் வீரய்யா, ரப்பர் மரம் சீவியவர், நாளொன்றுக்கு ஐநூற்று அறுபது மரம். கீழே என் பெயரைப் போட்டேன். ஒரு படி ஆய்வாளருக்கு, ஒரு படி மேடத்துக்கு, ஒரு படி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.